விளம்பரக் காணொளியைத் தொகுப்பு மேசையில் செம்மைப்படுத்துதல்: புக்கிட் காத்தில் வட்டாரத் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைக் காணொளிகளை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாறு, 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ பள்ளியில் தோற்றுவிக்கப்பட்ட தமிழ் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட இக்கல்வி, இன்று நாடெங்கும் ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் தொடர்கிறது. மலாக்கா மாநிலத்தில் மட்டும் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆயினும் மாணவர் எண்ணிக்கை குறைந்து வருதல் கண்கூடு. 2000களின் பிற்பகுதியில் நாடு முழுவதும் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை, அடுத்த பத்தாண்டுகளில் எண்பதாயிரத்தை ஒட்டிச் சரிந்தது. 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் கல்வியமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகின்றது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் இவ்வகைக்குள் அடங்குகின்றன.

இந்நிலையில், முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்காலம் நெருங்குந்தோறும் பள்ளிகள் தத்தம் சிறப்பை எடுத்துரைக்கும் காணொளிகளை உருவாக்கிப் புலனத்திலும் முகநூலிலும் வலையொளியிலும் உலவவிடுகின்றன. ஒளிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வோர் ஆசிரியரின் கையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. படம்பிடித்தல் எளிதாகிவிட்டது. ஆனால், பிடித்த படத்தைத் தொகுத்தல் இன்னும் எளிதாகிவிடவில்லை. நாம் கண்ட காணொளிகள் பலவற்றில் குறைபாடு படப்பிடிப்பில் இல்லை, தொகுப்பில்தான் உள்ளது. நல்ல காட்சிகள் தவறான இடத்தில் புதைந்து கிடக்கின்றன.

தொகுப்புக் கட்டத்தில் ஒரு விளம்பரக் காணொளியை எவ்வாறு செம்மைப்படுத்தலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மலாக்கா மாநிலத்தின் புக்கிட் காத்தில் வட்டாரத்தை நாம் களமாகக் கொள்கின்றோம். தமிழாசிரியர்களே இக்காணொளிகளின் இயக்குநராகவும் தொகுப்பாளராகவும் விளங்குவதால், அவர்தம் பணிக்குப் பயன்படும் வகையில் செய்திகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன.

வட்டாரப் பின்புலம்

புக்கிட் காத்தில், மலாக்கா நகருக்கு அணித்தாக ஆயர் குரோவை அடுத்து அமைந்த பகுதியாகும். 2004 முதல் 2018 வரை ஒரு நாடாளுமன்றத் தொகுதியும் இப்பெயரைத் தாங்கியிருந்தது. 2018ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது அது ஹங் துவா ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இவ்வட்டாரத்தை ஒட்டிய புக்கிட் லிந்தாங்கில்தான் 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் ஏறத்தாழ 40 ஏக்கர் நிலத்தில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் என அது போற்றப்படுகின்றது. மலாயாவில் தமிழர் வாழ்வின் போக்கையே மாற்றிய இரப்பர்த் தொழில் இம்மண்ணிலிருந்தே கிளைத்தது எனலாம்.

அத்தோட்டங்கள் பலவும் பின்னர்ச் செம்பனைக்கு மாறின. அதன்பின் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களில் குடியேறின. முன்பு பள்ளி மணி ஓசை கேட்கும் தொலைவில் பிள்ளைகள் இருந்தனர். இன்று பெற்றோர் வேறு வேறு திசைகளில் வசிக்கின்றனர். பள்ளியைத் தேடி வருவதா, வீட்டருகே உள்ள தேசியப்பள்ளிக்கோ சீனப்பள்ளிக்கோ அனுப்புவதா என்பதை அவர்கள் தெரிவு செய்ய வேண்டியுள்ளது. அத்தெரிவு பெரும்பாலும் பள்ளியை நேரில் காண்பதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. எனவே, கைத்தொலைபேசித் திரையில் ஓரிரு நிமிடம் ஓடும் ஒரு காணொளி, சில பெற்றோருக்குப் பள்ளியின் முதல் வாயிலாக அமைகின்றது. ஒரு சிறு பள்ளிக்கு ஓராண்டில் ஐந்து பிள்ளைகள் கூடுவதும் குறைவதும் பெரும் வேறுபாடாகும். தொகுப்பு மேசையின் முன் அமரும் ஆசிரியர் இதனை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

தொகுப்பு என்பது யாது?

தொகுப்பு என்பது வேண்டாதவற்றை நீக்கும் வேலை மட்டுமன்று. எந்தக் காட்சிக்குப் பின் எந்தக் காட்சி வருகிறது என்பதே பொருளை உண்டாக்குகின்றது. உருசிய இயக்குநர் லெவ் குலெசோவ் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இதனை ஒரு சோதனையால் காட்டியதாகத் திரைப்பட வரலாறு கூறும். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு முறை உணவுக் கிண்ணத்தோடும், ஒரு முறை சவப்பெட்டியோடும், ஒரு முறை ஒரு பெண்ணின் உருவத்தோடும் இணைத்துக் காட்டியபோது, அம்முகத்தில் முறையே பசியும் துயரும் விருப்பும் தெரிவதாகப் பார்வையாளர் உணர்ந்தனர் என்பர். முகம் ஒன்றே, அடுத்து வந்த காட்சியே பொருளை மாற்றியது.

அமெரிக்கத் தொகுப்பாளர் வால்டர் மர்ச், 1995இல் நூலாக வெளிவந்த தம் விரிவுரையில், ஒரு வெட்டு நல்ல வெட்டா என்பதை அறிய ஆறு அளவைகளைத் தருகிறார். அவற்றுள் உணர்ச்சிக்கு 51 விழுக்காடும், கதைக்கு 23 விழுக்காடும், தாளத்திற்கு 10 விழுக்காடும் முதன்மை தருகிறார். பார்வையாளரின் கண் செல்லும் இடம், திரையின் தளம், காட்சி நிகழும் இடத்தின் தொடர்ச்சி ஆகிய மூன்றும் எஞ்சிய 16 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. காட்சித் தொடர்ச்சியில் சிறு பிசகு நேர்ந்தாலும் உணர்ச்சி உண்மையாயின் பார்வையாளர் அதனைப் பொறுத்துக்கொள்வர் என்பது இதன் கருத்தாகும். புதிய தொகுப்பாளர் பலரும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். காட்சி மாற்ற அலங்காரங்களில் நேரத்தைச் செலவிட்டு உணர்ச்சியைக் கைவிடுகின்றனர்.

நம் நாட்டிலும் இக்கலைக்கு மரபுண்டு. 1946இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு, அரசின் செய்திகளைக் குறும்படங்களாக ஆக்கிற்று. அவை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் விளக்கவுரை பெற்றன. நடமாடும் படக்காட்சி வண்டிகள் அவற்றைக் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டு சென்றன. 1963இல் பிலேம் நெகாரா மலேசியா என்று பெயர் மாறிய அந்நிறுவனம், 2013இல் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. திரை விரித்த திடலில் தோட்ட மக்கள் கூடிப் பார்த்த காலம் போய், ஒருவர் தம் கைத்திரையில் தனியே பார்க்கும் காலம் வந்துள்ளது. திடலில் அமர்ந்தவர் படம் முடியும்வரை இருந்தார். கைத்திரையில் பார்ப்பவரோ சில நொடிகளில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இவ்வேறுபாடே இன்றைய தொகுப்பின் முதற்கவலையாகும்.

ஒரு வரைவும் அதன் மறுதொகுப்பும்

விளக்கத்தின்பொருட்டு, இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் சேர்க்கைக் காணொளி வரைவினைக் கற்பித்துக்கொள்வோம். இது எந்தவொரு குறிப்பிட்ட பள்ளியின் காணொளியும் அன்று. நாம் பரவலாகக் காணும் அமைப்பின் மாதிரியே ஆகும். அதன் மொத்த நீளம் 7 நிமிடம் 10 நொடி. முதல் 35 நொடி பள்ளிச் சின்னம் சுழன்று வருகிறது. அடுத்து 75 நொடி தலைமையாசிரியர் உரை. அதன்பின் 75 நொடி பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றின் பொறுப்பாளர் உரை. தொடர்ந்து 2 நிமிடம் 15 நொடிக்குப் பரிசளிப்பு நிழற்படங்கள், திரைப்பாடலின் பின்னணியில். பிறகு 70 நொடிக்கு வகுப்பறை, தோட்டம், சிற்றுண்டிச்சாலை. இறுதி 40 நொடி நன்றிப் பட்டியல்.

இவ்வரைவில் ஒரு குழந்தையின் குரல் முதன்முறையாக ஐந்தாம் நிமிடத்திற்குப் பின்னரே கேட்கிறது. பெற்றோர் காண விரும்புவது அக்குழந்தையைத்தான். நிகழ்ச்சி நிரல் ஒன்றின் வரிசையை, அதாவது முதலில் தலைவர் உரை, பின்னர்ப் பிறர் உரை, இறுதியில் நன்றியுரை என்பதை, அப்படியே காணொளிக்கு ஏற்றிவிட்டதே இதன் அடிப்படைப் பிழையாகும். மேடைக்குரிய மரியாதை முறைமை வேறு; திரைக்குரிய ஒழுங்கு வேறு. தலைவர்களைச் சுருக்குவதால் அவர்தம் மதிப்புக் குறைந்துவிடாது என்பதைத் தொகுப்பாளர் பணிவோடு எடுத்துரைக்க வேண்டியிருக்கும். முழு உரையையும் தனிக் காணொளியாக வெளியிடுவது அதற்கொரு நல்ல தீர்வாகும்.

மறுதொகுப்பின் முதற்படி, கணினியைத் தொடுவதன்று. தாளில் ஒரு தொடர் எழுதுவதாகும். 'இக்காணொளியைக் கண்ட பெற்றோர் இதன்பின் என்ன செய்ய வேண்டும்?' என்னும் வினாவுக்கு விடையாக அத்தொடர் அமைதல் வேண்டும். 'பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்' என்பது தெளிவான விடை. 'பள்ளியின் பெருமையை உணர வேண்டும்' என்பது தெளிவற்ற விடை. இரண்டாம் படி, எடுத்த பதிவுகள் அனைத்தையும் ஒருமுறை முழுமையாகப் பார்த்து, எத்துண்டில் எந்நொடியில் என்ன உள்ளது என்று பட்டியலிடுதல். அலுப்பூட்டும் இவ்வேலையைத் தவிர்ப்பவரே பின்னர் நல்ல காட்சிகளை இழக்கின்றனர். மூன்றாம் படி, அப்பட்டியலிலிருந்து தெரிவு செய்தவற்றை வரிசைப்படுத்துதல்.

இம்முறையில் மேற்கண்ட வரைவினை 150 நொடிகளுக்குக் குறைக்கலாம்.

முதல் 12 நொடி: ஒரு சிறுமி வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், தடுமாறுகிறாள், திருத்திக்கொள்கிறாள், சிரிக்கிறாள்.
அடுத்த 8 நொடி: பள்ளியின் பெயரும் ஊரும்.
அடுத்த 35 நொடி: ஒரே ஒரு பாடம் நடக்கும் முறை, தொடக்கமும் முடிவும் தெரிய.
அடுத்த 30 நொடி: ஒரு தாயின் சொற்கள், தம் பிள்ளையை இங்குச் சேர்த்த காரணம்.
அடுத்த 25 நொடி: தலைமையாசிரியரின் உரையிலிருந்து மிகச் சிறந்த இரண்டு தொடர்கள்.
அடுத்த 20 நொடி: பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சேரும் வழி, வேன், வாயில், வரவேற்கும் ஆசிரியர்.
இறுதி 20 நொடி: பதிவு பற்றிய செய்தியும் தொடர்பு எண்ணும்.

இவ்வரிசை பெற்றோரின் மனக்கேள்விகளை ஒட்டியது என்பதை நோக்குக. என் பிள்ளை இங்கு மகிழ்ச்சியாக இருக்குமா, ஒழுங்காகப் படிக்குமா, மலாயும் ஆங்கிலமும் நன்கு கற்குமா, எப்படி வந்து போகும் என்பனவே அக்கேள்விகள். ஆதலின் பாடக்காட்சியாக மலாய் அல்லது ஆங்கிலப் பாடத்தைத் தெரிவு செய்தல் சில பள்ளிகளுக்குப் பொருத்தமாக இருக்கலாம். இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. 1988 முதல் நடைபெற்று வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதற்கு முன்னர்ப் பள்ளி விளம்பரங்கள் 'ஏ' நிலைகளின் எண்ணிக்கையையே முதற்செய்தியாகக் கொண்டிருந்தன. அவ்வெண் இல்லாத நிலையில், கற்றல் நிகழும் காட்சியே பள்ளியின் தரத்திற்குச் சான்றாகிறது. பரிசளிப்பு நிழற்படம் முடிவைக் காட்டும். வகுப்பறைக் காட்சி வழியைக் காட்டும்.

வெட்டின் இடமும் தாளமும்

ஒரு காட்சித்துண்டை எவ்விடத்தில் வெட்டுவது? அதில் உள்ள செய்தி முடிந்த கணத்தில் வெட்டுதல் வேண்டும். பேசுபவர் பேசி முடித்து வாயை மூடிய பின்னும் இரண்டு நொடி நீடிக்கும் காட்சி, பார்வையாளரின் கவனத்தைக் கசியவிடும். மாறாக, ஒரு குழந்தை விடை சொல்லுமுன் சிந்திக்கும் இரு நொடி மௌனத்தை வெட்டிவிடுவது பெரும் இழப்பாகும். முன்னது வெறுமை, பின்னது நிகழ்ச்சி.

உரையாடல் பகுதிகளில் படமும் ஒலியும் ஒரே கணத்தில் மாற வேண்டுமென்பதில்லை. தாயின் குரல் முன்னரே தொடங்க, வகுப்பறைக் காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம்; அவர் முகம் ஒரு நொடி கழித்துத் தோன்றலாம். அவ்வாறே, அவர் பேசிக்கொண்டிருக்கையில் அவர் பிள்ளை விளையாடும் காட்சிக்கு மாறலாம். ஒலி முந்துவதும் ஒலி பிந்துவதும் ஆகிய இவ்விரு உத்திகளும் காட்சிகளைத் தையல் தெரியாமல் இணைக்கின்றன. பேச்சின் நடுவே 'வந்து', 'அதாவது' போன்ற தடுமாற்றங்களை நீக்கிய இடத்தில் படம் துள்ளுவதை மறைக்கவும் இவை உதவும். ஆனால், சொற்களை நீக்கும்போது பேசுபவரின் கருத்து திரிந்துவிடலாகாது. 'முதலில் தயங்கினேன், இப்போது மகிழ்கிறேன்' என்று ஒரு தாய் கூறியிருப்பின், தயக்கத்தை வெட்டி மகிழ்ச்சியை மட்டும் வைப்பது அவர் கூற்றுக்கு நேர்மையாகாது. உண்மையில், அத்தயக்கமே பிற பெற்றோரை ஈர்க்கும் சொல்லாகும். ஏனெனில் அவர்களும் தயங்குகின்றனர்.

சுழலும், புரளும், வெடித்துச் சிதறும் காட்சி மாற்றங்களைத் தவிர்த்தல் நன்று. நேர்வெட்டு ஒன்றே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். காலம் கடந்ததைக் குறிக்க மட்டும் கரைந்து மறையும் மாற்றத்தைப் பயன்படுத்தலாம்.

ஒலியைச் சீராக்குதல்

பார்வையாளர் மங்கலான படத்தை ஓரளவு பொறுத்துக்கொள்வர். புரியாத ஒலியைப் பொறுத்துக்கொள்ளார். தோட்டப்புறப் பள்ளிகளின் வகுப்பறைகளில் கூரை விசிறியின் இரைச்சலும், மழைக்காலத்தில் தகரக்கூரையின் ஓசையும் பதிவில் கலந்துவிடும். தொகுப்பு மென்பொருள்களிலுள்ள இரைச்சல் நீக்கும் வசதி ஓரளவுக்குத் துணைசெய்யும். அதனை மிகையாகப் பயன்படுத்தினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். சிறிது இரைச்சல் எஞ்சினும் குரல் இயல்பாக இருத்தலே மேல். விசிறியின் தாழ்ந்த அதிர்வொலியை, குரலுக்குக் கீழுள்ள தாழ் அலைவெண்களைக் குறைத்துத் தணிக்கலாம்.

காணொளி முழுவதும் ஒலியளவு ஒரே சீராக இருத்தல் வேண்டும். ஒலியின் உணர்தகு உரப்பை எல்.யு.எஃப்.எஸ். என்னும் அலகால் அளப்பர். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் தொலைக்காட்சிக்கு −23 என வரையறுத்தது. வலையொளித் தளமோ ஏறத்தாழ −14 என்னும் அளவைக் கொள்கிறது. அதனைவிட உரத்த காணொளியைத் தளமே தணித்துவிடும். ஆனால் தணிந்த காணொளியை உயர்த்தித் தராது. எனவே, ஏற்றுவதற்கு முன்பே நாம் அளவைச் சரிசெய்தல் வேண்டும். இக்கருவி இல்லாதோர், பழக்கமான ஒரு செய்திக் காணொளியை அடுத்து ஓடவிட்டு, ஒலிப்பொத்தானைத் தொடாமல் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

பின்னணி இசை குரலின்கீழ் அடங்கியே ஒலிக்க வேண்டும். குறிப்பாக, பாடல் வரிகளுள்ள இசையின்மேல் ஒருவர் பேசினால் இரு சொல்வரிசைகள் மோதிக்கொள்ளும். மேலும், திரைப்பாடல்கள் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பிலுள்ளவை. வலையொளித் தளம் தானியங்கு முறையில் அவற்றை அடையாளங்கண்டு ஒலியை முடக்கவோ காணொளியைத் தடுக்கவோ கூடும். பதிவுக்காலத்தின் நடுவே காணொளி ஊமையாகிவிடின் உழைப்பு முழுவதும் வீணாகும். இதற்கு எளிய மாற்று பள்ளியிலேயே உண்டு. மாணவர் வாசிக்கும் உறுமி, மிருதங்கம், காலைக் கூட்டத்தின் ஓசை, மணியொலி ஆகியவற்றைப் பதிவு செய்து பயன்படுத்தலாம். அவை பள்ளியின் சொந்தக் குரலாகவும் அமையும்.

திரையில் தமிழ் எழுத்து

தமிழாசிரியர் தனிக்கவனம் செலுத்த வேண்டிய பகுதி இதுவாகும். ஒருங்குறி முறையில் 'கொ' என்னும் எழுத்தை உள்ளிடும்போது ககர எழுத்தும் அதன்பின் உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது அக்குறி பிரிந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக அமைய வேண்டும். இவ்விடமாற்றத்தைச் செய்யும் எழுத்துருவாக்க ஏற்பாடு மென்பொருளில் இல்லையாயின், கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனித்து நிற்கும், புள்ளிகள் இடம்பெயரும். சில தொழில்முறைத் தொகுப்பு மென்பொருள்களில் இவ்வசதி இருப்பினும், தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை நாமே தெரிவு செய்தாலன்றி அது இயங்காது. அமைப்பை மாற்றியும் சரிவராவிடின், வேறொரு செயலியில் தலைப்பைப் படமாக உருவாக்கி, பின்புலமற்ற படக்கோப்பாகச் செருகிக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளியின் காணொளியிலேயே தமிழ் உடைந்து நிற்பது, அப்பள்ளி கூறவரும் செய்தியைத் தானே மறுப்பதாகிவிடும்.

அடுத்து எழுத்துப்பிழை. ஒற்று மிகும் இடம், மிகா இடம், லகர ளகர ழகர வேறுபாடு ஆகியவற்றைத் தொகுப்பாளரல்லாத மற்றோர் ஆசிரியர் படித்துத் திருத்துதல் வேண்டும். பலமுறை பார்த்த கண்ணுக்குப் பிழை புலப்படாது. ஊர்ப்பெயர்களை எழுதுவதிலும் ஒருமை தேவை. காத்தில் என நாம் எழுதும் மலாய்ச்சொல், படுக்கும் கட்டிலைக் குறிக்கும். அச்சொல்லே நம் 'கட்டில்' என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து மலாய்மொழிக்குச் சென்றதாகும். எனவே புக்கிட் காத்தில் என்றும் புக்கிட் கட்டில் என்றும் எழுத இடமுண்டு. எவ்வடிவைக் கொள்ளினும் காணொளி முழுவதும் அதனையே கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் தேடுபவருக்கு அது கிடைக்காது.

பொது இடங்களில் ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்போர் பலர். ஆகவே, பேச்சுக்கு வரியுரை இடுதல் இன்றியமையாதது. தமிழ்ச்சொற்கள் விகுதிகளை ஏற்று நீளும் இயல்பின. ஒரு வரியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் இடங்கொள்ளா. எனவே, பேசிய சொற்களை அப்படியே எழுதாது, கருத்துக் குறையாமல் சுருக்கி, இரண்டு வரிக்குள் அடக்குதல் வேண்டும். சொல்லை நடுவே முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லலாகாது. பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பிரிக்காதிருத்தல் நன்று. ஒரு வரியுரை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு எளிய சோதனையுண்டு: அதனை விரைவின்றி வாய்விட்டு இருமுறை படிக்கும் நேரம் நிறுத்துக. தமிழ் சரளமாகப் படிக்க இயலாத இளம் பெற்றோரையும் கருதி, தொடர்பு விவரங்களை மலாயிலும் இடுதல் பயன்தரும்.

புலனத்தின்வழி அனுப்பும்போது காணொளி சுருக்கப்படுவதால் மெல்லிய கோடுகளையுடைய எழுத்துகள் சிதையும். தடித்த எழுத்துருவை, போதிய பருமனில், பின்புலத்தோடு தெளிவாக வேறுபடும் நிறத்தில் அமைத்தல் வேண்டும். தரம் குறையாமல் அனுப்ப வேண்டின், ஆவணக்கோப்பாக அனுப்பலாம்.

நிறமும் நேர்மையும்

வகுப்பறைக் குழல்விளக்கின் ஒளி படத்திற்குப் பசுமை கலந்த சாயலைத் தரும். வெளிமுற்றத்து வெயிலோ நீலம் அல்லது மஞ்சள் சாயலைத் தரும். இவற்றை அடுத்தடுத்து வைக்கும்போது வேறுபாடு உறுத்தும். வெண்மைச் சமன் கருவியால், பள்ளிச் சீருடையின் வெண்ணிறத்தை அளவையாகக் கொண்டு எல்லாக் காட்சிகளையும் ஒத்திசையச் செய்யலாம். நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்சு அளவினதாதலால், பழைய விளக்குகள் நொடிக்கு நூறுமுறை துடிக்கும். கைத்தொலைபேசியின் மூடிவேகம் அதனோடு பொருந்தாதபோது திரையில் பட்டைகள் ஓடும். தொகுப்பில் இதனை நீக்குதல் அரிது. அத்தகைய துண்டைத் தவிர்த்து வேறொன்றைக் கொள்ளுதலே தக்கது.

நிறத்திருத்தம் நிறமாற்றமாகிவிடலாகாது. இன்றைய செயலிகளில் பல, 'அழகூட்டல்' என்னும் பெயரால் முகத்தை வெளுப்பாக்குகின்றன. தானியங்கு வசதியை அழுத்தியவுடன் நம் பிள்ளைகளின் கருநிறமும் மாநிறமும் வெளிறிப்போகக் காண்கிறோம். இதனை விளையாட்டாகக் கொள்ளுதல் ஆகாது. தன் பள்ளியே தன் நிறத்தைத் திருத்த வேண்டிய பிழையாகக் கருதியதை ஒரு குழந்தை அக்காணொளியில் காணக்கூடும். முகத்தில் ஒளி போதாதாயின் வெளிச்சத்தை உயர்த்தலாம். தோலின் சாயலை மாற்றலாகாது.

இதனினும் நுட்பமான நேர்மைப் பிரச்சினை ஒன்றுண்டு. நாற்பது மாணவரே உள்ள பள்ளியை, நெருக்கமான காட்சிகளை விரைந்து அடுக்கி நானூறு பேர் பயிலும் பள்ளிபோல் தோன்றச் செய்ய முடியும். குலெசோவ் காட்டிய ஆற்றல் இதற்கும் பயன்படும். ஆனால், பதிவுநாளில் பள்ளிக்கு வரும் பெற்றோர் உண்மையைக் காண்பர். கண்டபின் நம்பிக்கை இழப்பர். சிறுமையை மறைப்பதைவிட அதன் நலத்தைக் காட்டுதலே அறிவுடைமையாகும். காலையில் வாயிலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர்சொல்லி அழைக்கும் ஆசிரியரை வெட்டாமல் 15 நொடி காட்டினால், பெரிய பள்ளிகளுக்கு எளிதில் வாய்க்காத ஒன்றை அச்சிறு பள்ளி காட்டியதாகும். இவ்விடத்தில் நீண்ட காட்சியே வலிமையுடையது.

பிள்ளைகளின் முகங்களை வெளியிடுமுன் பெற்றோரின் எழுத்துவழி இசைவைப் பெறுதல் வேண்டும். தொகுப்பின்போது இசைவுப் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு சரிபார்த்தல் நன்று. பெயர்ப்பட்டை, வீட்டு முகவரி, வேனின் பதிவெண் ஆகியன தெரியும் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும். அழும், தண்டிக்கப்படும், தடுமாறி நகைப்புக்குள்ளாகும் காட்சிகளையும் விலக்க வேண்டும். முன்கூறிய சிறுமியின் தடுமாற்றக் காட்சிகூட, அவள் தானே திருத்திக்கொண்டு சிரிப்பதோடு முடிவதால்தான் இடம்பெறத் தக்கதாகின்றது.

வெளியீட்டுக்கு முன் மூன்று சோதனைகள்

தொகுத்து முடித்த காணொளியை ஓரிரவு கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். பின்னர் மூன்று சோதனைகளைச் செய்யலாம். முதலாவது, ஒலியை அடைத்துப் பார்த்தல். படமும் வரியுரையும் மட்டுமே செய்தியைச் சொல்கின்றனவா என்பது தெரியும். இரண்டாவது, திரையைக் கவிழ்த்துவைத்து ஒலியை மட்டும் கேட்டல். குரலின் தெளிவும் இசையின் அளவும் புலப்படும். மூன்றாவது, பள்ளியோடு தொடர்பில்லாத ஒரு பெற்றோரிடம் கைத்தொலைபேசியில் காட்டுதல். அவரிடம் 'நன்றாக இருக்கிறதா?' என வினவுதல் பயனற்றது. மரியாதையின்பொருட்டு ஆம் என்றே கூறுவார். 'இப்பள்ளி எங்கே உள்ளது? பதிவு செய்ய என்ன செய்வீர்கள்? எது நினைவில் நிற்கிறது?' என வினவுதல் வேண்டும். அவர் விடையில் தடுமாறும் இடமே நாம் மீண்டும் தொகுக்க வேண்டிய இடம்.

அகலத்திரைக்கு ஒன்றும் கைத்தொலைபேசியின் நெடுந்திரைக்கு ஒன்றுமாக இரு வடிவங்களை ஆக்கிக்கொள்ளுதல் நலம். நெடுந்திரை வடிவை வெறுமனே இருபுறமும் நறுக்கி ஆக்கினால் முகங்களும் எழுத்துகளும் வெட்டுப்படும். ஒவ்வொரு துண்டாகப் பார்த்து அமைக்க வேண்டும். தொகுக்கப்படாத மூலப்பதிவுகளை அழித்துவிடாது இரண்டு இடங்களில் சேமித்துவைத்தலும் பள்ளியின் கடனாகும். தோட்டங்கள் மறைந்த இவ்வட்டாரத்தில், நாளை அப்பதிவுகளே வரலாற்றுச் சான்றாக விளங்கும்.

முடிவுரை

விளம்பரக் காணொளியின் தரம் விலையுயர்ந்த கருவிகளைச் சார்ந்ததன்று. தொகுப்பவரின் தெரிவைச் சார்ந்தது என்பதை மேற்கண்டவற்றால் அறிகின்றோம். நோக்கத்தை ஒரு தொடரில் வரையறுத்தல், பிள்ளையின் குரலை முதலில் வைத்தல், மேடை ஒழுங்கைத் திரைக்கு ஏற்றாதிருத்தல், ஒலியைச் சீராக்குதல், தமிழ் எழுத்தைப் பிழையறக் காட்டுதல், நிறத்தையும் எண்ணிக்கையையும் திரிக்காதிருத்தல் ஆகியன அத்தெரிவின் கூறுகளாகும்.

இவை யாவும் தமிழாசிரியருக்கு முற்றிலும் புதியன அல்ல. மாணவரின் கட்டுரையைத் திருத்தும்போது வேண்டாத தொடரை நீக்குகிறோம். பத்திகளை இடம் மாற்றுகிறோம். கூறவந்த கருத்தை முன்னுக்குக் கொணர்கிறோம். ஆனால் மாணவரின் கருத்தை நம் கருத்தாக மாற்றிவிடுவதில்லை. அதே பயிற்சிதான் தொகுப்பு மேசைக்கும் வேண்டப்படுவது. பயிற்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் தமிழ்ப்பிரிவுகளும் காணொளித் தொகுப்பை ஒரு மொழித்திறனாகக் கருதிப் பாடத்திட்டத்தில் இடமளிப்பின், சிறு பள்ளிகள் வெளியார் துணையை எதிர்பாராமல் தம் குரலில் தாமே பேச இயலும். இரப்பர்த் தோட்டம் தொடங்கிய மண்ணில், தோட்டம் போனபின்னும் நிலைத்திருப்பது அங்குள்ள பள்ளிகளே. அவற்றின் வாயிலைப் பெற்றோருக்குச் சரியாகத் திறந்து காட்டும் பொறுப்பு, அக்காணொளியைத் தொகுப்பவர் கையில் உள்ளது.